எருசலேம் ஏன் விழவில்லை? பைபிளுக்குள் வரலாறும் கதையும் கலந்திருக்கும் விதம்

கி.மு. 701இல் அசீரியப் பேரரசன் சனகெரிப் யூதா என்ற சிறிய மலைநாட்டின்மேல் படையெடுத்து வந்தான். கோட்டை ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்தான். தலைநகரமான எருசலேமை மட்டும் பிடிக்காமல் நாடு திரும்பிவிட்டான். இதுவரை பெரும்பாலும் எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஏன் திரும்பினான் என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. பைபிள் சொல்லும் பதில் எல்லாருக்கும் தெரிந்தது: ஒரே இரவில் கர்த்தருடைய தூதன் அசீரியரின் பாளயத்தில் 1,85,000 பேரைச் சங்கரித்தான், விடிந்து பார்த்தபோது பாளயம் முழுக்கப் பிணங்கள்.

பைபிளில் எது வரலாறு, எது வழிவழியாக வளர்ந்த கதை என்ற பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் ஏதேன் தோட்டத்துக்கும் நோவாவின் பேழைக்கும் செங்கடலுக்கும்தான் போய் நிற்கும். அங்கே அந்த நிகழ்ச்சியை நேரில் பார்த்த இன்னொரு தரப்பின் சாட்சியம் கிடையாது. அதனால் நம்புகிறவர் நம்பிக்கையோடும் மறுப்பவர் மறுப்போடும் எழுந்து போவதுதான் வழக்கம். அன்று யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜாவின் காலத்து இந்த முற்றுகை அப்படியில்லை. படையெடுத்து வந்தவனே எழுதிவைத்த குறிப்பு இருக்கிறது. அவன் அரண்மனைச் சுவரில் செதுக்கிய காட்சி இருக்கிறது. தோண்டிப் பார்த்த ஊர் இருக்கிறது. பைபிளிலேயே இந்தக் கதை 2 இராஜாக்கள், ஏசாயா, 2 நாளாகமம் என்று மூன்று புத்தகங்களில் வருகிறது. இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: வரலாற்றுப் புத்தகம் இது, கதைப் புத்தகம் அது என்று பைபிளைப் பங்குபோட முடியாது. ஒரே அதிகாரத்தில், அடுத்தடுத்த வசனங்களில், இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒட்டிய இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் பின்னணி. சனகெரிப்பின் தகப்பன் சர்கோன் கி.மு. 705இல் போர்க்களத்தில் செத்தான்; உடலைக்கூட மீட்க முடியவில்லை. பேரரசின் இரண்டு முனைகளிலும் கலகம் வெடித்தது. கிழக்கே பாபிலோன் பிய்த்துக்கொண்டது. மேற்கே கப்பம் கட்டிவந்த சிற்றரசர்கள் கட்டுவதை நிறுத்தினார்கள். அவர்களில் எசேக்கியாவும் ஒருவன். பெலிஸ்தரின் எக்ரோன் நகரத்தில் அசீரியாவுக்கு விசுவாசமாக இருந்த அரசனை அவன் ஊர்க்காரர்களே விலங்கு மாட்டி எசேக்கியாவிடம் ஒப்படைத்ததாகவும், எசேக்கியா அவனைச் சிறைவைத்ததாகவும் சனகெரிப்பின் குறிப்பு சொல்கிறது. ஆக, எசேக்கியா சும்மா இருந்து மாட்டிக்கொண்டவன் அல்ல. அந்தக் கலகத்தில் முன்னணியில் நின்றவன்.

இப்போது 2 இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். 13ஆம் வசனம்: சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களுக்கெல்லாம் விரோதமாக வந்து அவற்றைப் பிடித்தான். அடுத்த மூன்று வசனங்கள்: எசேக்கியா, லாகீசில் இருந்த அசீரிய ராஜாவுக்கு ஆள் அனுப்பி, தான் செய்தது குற்றம் என்று ஒப்புக்கொள்கிறான், என்னைவிட்டுத் திரும்பிப் போங்கள், என்ன சுமத்தினாலும் சுமக்கிறேன் என்கிறான். 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் விதிக்கப்படுகிறது (தாலந்து என்பது அக்கால எடையளவு). ஆலயத்தில் இருந்த வெள்ளி எல்லாவற்றையும் கொடுக்கிறான். போதவில்லை. தானே ஆலயக் கதவுகளிலும் நிலைகளிலும் அடித்திருந்த பொன்தகட்டைக் கழற்றிக் கொடுக்கிறான்.

நான்கே வசனங்கள். தூதன் இல்லை, தீர்க்கதரிசி இல்லை, ஜெபம் இல்லை. கணக்குப் புத்தகத்தின் நடை.

அப்புறம் 17ஆம் வசனத்திலிருந்து கதை புதிதாகத் தொடங்குகிறது. பணம் கட்டியாயிற்று, ஆனாலும் சனகெரிப் பெரிய படையோடு தன் அதிகாரிகளை எருசலேமுக்கு அனுப்புகிறான். கட்டிய கப்பத்தைப் பற்றி அவர்களும் பேசுவதில்லை, எசேக்கியாவும் 'கொடுத்தேனே, இன்னும் என்ன?' என்று கேட்பதில்லை. முந்தைய மூன்று வசனங்கள் நடக்கவே இல்லாததுபோலக் கதை போகிறது. எபிரேய மூலத்தில் எசேக்கியாவின் பெயர்கூட இந்த இடத்தில் எழுத்துவடிவம் மாறுகிறது: 14 முதல் 16 வரை குறுகிய வடிவம், 17இலிருந்து நீண்ட வடிவம். இரண்டு வேறு ஏடுகளை ஒருவர் சேர்த்து வைத்த தையல் இது என்று 1886இலேயே பெர்னார்ட் ஸ்டாடே என்ற ஜெர்மானிய அறிஞர் காட்டினார். அதற்குப் பின் வந்த ஆய்வாளர்கள் விவரங்களில் சண்டை போட்டாலும் அந்தத் தையலைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார்கள்.

சரி, எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது? சனகெரிப்பின் போர்க்குறிப்புகள் களிமண்ணில் எழுதிச் சுட்டவை. மிகப் பழைய பிரதி போருக்கு அடுத்த ஆண்டான கி.மு. 700இலேயே எழுதப்பட்டது. அதிகம் பேசப்படுவது 1830இல் அசீரியத் தலைநகரான நினிவேயில் கிடைத்த ஆறு பக்கப் பட்டகம். இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் சனகெரிப் சொல்வது: என் நுகத்துக்குப் பணியாத யூதாவின் எசேக்கியாவுடைய மதில் சூழ்ந்த 46 ஊர்களையும் எண்ணற்ற சிற்றூர்களையும் மண்மேடு எழுப்பியும் இடிப்புப்பொறி கொண்டும் பிடித்தேன், 2,00,150 பேரை வெளியேற்றினேன், அவனைக் கூண்டுப் பறவைபோல அவனுடைய தலைநகரமான எருசலேமுக்குள் அடைத்தேன். அவனிடமிருந்து பறித்த ஊர்களை அஸ்தோத், எக்ரோன், காசா அரசர்களுக்குப் பிரித்துக்கொடுத்தேன். பிறகு எசேக்கியா 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி, தந்தக் கட்டில்கள், தன் மகள்கள், பாடகர்கள் எல்லாரையும் நினிவேக்கு எனக்குப் பின்னால் அனுப்பிவைத்தான்.

பொன் 30 தாலந்து என்பது இரண்டு பக்கமும் அப்படியே பொருந்துகிறது. ஒருவர் எழுத்தை மற்றவர் பார்த்திருக்க வழியில்லாத இரண்டு எதிரிகள் ஒரே தொகையைச் சொல்கிறார்கள். வெள்ளியில் 300க்கும் 800க்கும் வேறுபாடு இருக்கிறது. எடையளவு வேறாக இருக்கலாம், ஆலய வெள்ளியையும் சேர்த்திருக்கலாம், வென்றவன் கூட்டிச் சொல்லியிருக்கலாம். அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம், பைபிளில் கணக்குப் புத்தக நடையில் இருக்கும் அந்த மூன்று வசனங்களைத்தான் அசீரியப் பட்டகம் உறுதிசெய்கிறது என்பது.

ஆனால் பட்டகத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. சோழர் மெய்க்கீர்த்திகளைப் படித்தவர்களுக்கு இந்த நடை நன்றாகப் பழகியிருக்கும்: அரசன் தோற்பதே இல்லை, வெட்டிய தலைகளுக்குக் கணக்கே இல்லை. 2,00,150 பேரை வெளியேற்றினேன் என்கிறானே, அன்றைய யூதாவின் மொத்த மக்கள்தொகையே அவ்வளவு இருந்திருக்காது என்பதுதான் தொல்லியலாளர்கள் பலரின் கணிப்பு. பைபிளின் எண் மிகை, பட்டகத்தின் எண் நிஜம் என்று பிரிப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். களிமண்ணில் சுட்டுவைத்திருப்பதால் மட்டும் ஒன்று வரலாறாகிவிடாது.

பட்டகத்தில் அதிகம் பேசுவது அது சொல்லாமல் விட்டதுதான். எருசலேமைப் பிடித்தேன் என்று சனகெரிப் எங்கும் சொல்லவில்லை. பிடித்திருந்தால் முதல் வரியில் சொல்லியிருப்பான். அதே படையெடுப்பில் அஸ்கலோன் அரசனைக் குடும்பத்தோடு நாடு கடத்தினேன், எக்ரோன் பிரபுக்களைக் கொன்று கம்பங்களில் தொங்கவிட்டேன் என்று விவரமாகச் சொல்கிறவன், கலகத்தின் முக்கியப் புள்ளியை மட்டும் சிம்மாசனத்திலேயே விட்டுவந்திருக்கிறான். 'கூண்டுப் பறவை' என்ற அந்த அழகான உவமை, கூண்டைத் திறக்க முடியாததை மூடி மறைக்கிறது. எருசலேம் விழவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. தன் பெருமைக்குப் பாதகமான உண்மையை எதிரியே மௌனத்தால் ஒப்புக்கொள்கிறான்.

அதே அளவுகோலைப் பைபிளுக்கும் வைக்கலாம். எசேக்கியாவைப் போல முன்னும் பின்னும் ஒரு ராஜா இருந்ததில்லை என்று 18ஆம் அதிகாரத்தின் தொடக்கமே புகழ்கிறது. அப்படிப் புகழ்கிற புத்தகம், அதே மன்னன் அந்நியன் காலில் விழுந்து கர்த்தருடைய ஆலயத்துப் பொன்னைச் சுரண்டிக் கொடுத்ததையும் எழுதிவைத்திருக்கிறது. யாரும் பக்தியோடு உட்கார்ந்து கற்பனை செய்கிற காட்சி அல்ல இது.

இனி லாகீஸ். எருசலேமுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில், யூதாவின் இரண்டாவது பெரிய நகரம். 2 இராஜாக்களில் அந்த ஊர் சனகெரிப் தங்கியிருந்த இடமாக மட்டுமே வருகிறது. அது விழுந்தது பற்றித் தனியாக ஒரு வரி இல்லை. ஆனால் நினிவேயில் சனகெரிப் கட்டிய அரண்மனையில் ஒரு முழு அறையின் சுவர்களை லாகீஸ் முற்றுகைக் காட்சிகள்தான் நிறைத்திருந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்டன் ஹென்றி லயார்ட் அவற்றைத் தோண்டியெடுத்தார். இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் வரிசையாக நிற்கின்றன. சரிவான மண்மேட்டின்மேல் இடிப்புப்பொறிகள் ஏறுகின்றன. மதில்மேல் நிற்பவர்கள் தீப்பந்தங்களை எறிகிறார்கள். பொறி எரிந்துவிடாமல் இருக்க உள்ளிருக்கும் வீரன் நீண்ட கரண்டியால் தண்ணீர் ஊற்றுகிறான். கீழே மூன்று பேர் நிர்வாணமாகக் கழுவேற்றப்பட்டிருக்கிறார்கள். வாசல்வழியாகக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறுகின்றன. மாட்டு வண்டியில் சாமான்கள்மேல் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். சிம்மாசனத்தில் அமர்ந்த மன்னனுக்கு முன்னால், லாகீசின் கொள்ளைப்பொருள் அவனைக் கடந்து சென்றது என்று எழுதியிருக்கிறது. அந்த மன்னனின் முகத்தை மட்டும் பின்னாளில் யாரோ வேண்டுமென்றே சிதைத்திருக்கிறார்கள், கி.மு. 612இல் நினிவே விழுந்தபோது நடந்ததாக இருக்கலாம்.

ஊரையும் தோண்டியிருக்கிறார்கள். 1930களில் ஜேம்ஸ் ஸ்டார்க்கி தொடங்கினார். 1938இல் அவர் கொல்லப்பட்டதோடு அந்த அகழாய்வு நின்றது. எரிந்து கிடந்த மூன்றாம் அடுக்கு பாபிலோனியர் காலத்தது என்று ஸ்டார்க்கி நினைத்தார். அவருடைய குழுவில் இருந்த ஓல்கா டஃப்னெல் மட்பாண்டங்களை ஒப்பிட்டு, இல்லை, அது கி.மு. 701 என்றார். 1973இலிருந்து டேவிட் உஸ்ஸிஷ்கின் நடத்திய நீண்ட அகழாய்வு டஃப்னெல் சொன்னதைத்தான் உறுதிசெய்தது. நகரத்தின் தென்மேற்கு மூலையில், ஆயிரக்கணக்கான டன் கற்களைக் கொட்டி எழுப்பிய அசீரிய முற்றுகை மேடு அப்படியே இருக்கிறது. அதற்கு எதிராக மதிலின் உட்பக்கம் நகரத்தார் அவசர அவசரமாகக் குவித்த எதிர்மேடும் இருக்கிறது. சுற்றிலும் இரும்பு அம்புமுனைகளும் கவண்கற்களும். சிற்பத்தில் இருந்த மேடும் தரையில் இருக்கும் மேடும் ஒன்றையொன்று ஆமோதிக்கின்றன.

இங்கேதான் எனக்கு இந்தக் கதையின் மையம் தெரிகிறது. கி.மு. 701இல் யூதாவுக்கு உண்மையில் நேர்ந்தது பேரழிவு. நாட்டின் வளமான மேற்குத் தாழ்நிலம் மொத்தமும் போயிற்று. லாகீசில் ஊரே எரிந்தது. ஆனால் கதையை எழுதியவர்கள் எருசலேமில் இருந்தவர்கள். அவர்கள் நினைவில் அந்த ஆண்டு அழிவின் ஆண்டாக நிற்கவில்லை, தப்பிப்பிழைத்த ஆண்டாக நின்றது. பிடிபட்ட 46 ஊர்கள் ஒரே வசனத்துக்குள் அடங்கிவிட்டன. பிடிபடாத ஒரு நகரத்துக்கு இரண்டு அதிகாரங்கள். யாரும் பொய் சொல்லவில்லை. உயிர் தப்பியவர்கள் ஏன் தப்பினோம் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்ட கேள்வியில் கதை வளர்ந்தது. லாகீசில் பிழைத்தவர்கள் எழுதியிருந்தால் அது புலம்பலாக இருந்திருக்கும். அந்தப் புலம்பல் பைபிளில் முற்றிலும் இல்லாமலும் போகவில்லை: மீகா தீர்க்கதரிசியின் முதல் அதிகாரம் அந்தத் தாழ்நிலத்து ஊர்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழுகிறது. லாகீசும் அதில் உண்டு. மீகா அந்தப் பக்கத்துக்காரர்.

கதை வளர்ந்த தடத்தைப் பைபிளுக்குள்ளேயே பின்தொடரலாம். 18:17 முதல் 19ஆம் அதிகாரம் முடியும்வரை நிதானமாகப் படித்தால் ஒரே நிகழ்ச்சி இரண்டு முறை வருவது தெரியும். முதலில் அசீரிய அதிகாரி ரப்சாக்கே மதிலருகே வந்து மிரட்டுகிறான்; எசேக்கியா தீர்க்கதரிசி ஏசாயாவிடம் ஆள் அனுப்புகிறான்; ஏசாயா சொல்லும் பதில்: அவன் ஒரு செய்தியைக் கேள்விப்பட்டுத் தன் தேசத்துக்குத் திரும்புவான், அங்கே பட்டயத்தால் விழுவான். உடனே எத்தியோப்பிய ராஜா திராக்கா வருகிறான் என்ற செய்தி வருகிறது. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் மறுபடியும் தூதர்கள் வருகிறார்கள், இந்த முறை கடிதத்தோடு. அதே மிரட்டல். எசேக்கியா கடிதத்தை ஆலயத்தில் கர்த்தருக்கு முன்பாக விரித்து ஜெபிக்கிறான். ஏசாயா மறுபடியும் பதில் அனுப்புகிறார். அன்று இரவு தூதன் வருகிறான். நம் சபைகளில் எத்தனையோ பிரசங்கங்களுக்கு ஆதாரமான அந்தக் கடிதத்தை விரிக்கும் காட்சி, இந்த இரண்டாவது சுற்றில் வருவது. 1,85,000 என்ற எண்ணும் இரண்டாவது சுற்றில்தான். முதல் சுற்றுக்குத் தூதனே தேவைப்படவில்லை; ஒரு வதந்தியும் ஒரு கொலையும் போதும்.

அடுத்த புத்தகங்களுக்குப் போனால் தடம் இன்னும் தெளிவாகும். ஏசாயா 36, 37 அதிகாரங்கள் ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை இதே கதையைச் சொல்கின்றன. ஆனால் கப்பம் கட்டிய அந்த மூன்று வசனங்கள் அங்கே இல்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பிந்திய 2 நாளாகமம் 32இல் எசேக்கியா கப்பமே கட்டவில்லை. பட்டணங்களைச் சனகெரிப் பிடித்தான் என்பதுகூட, பிடிக்க நினைத்தான் என்று மென்மையாகிவிட்டது. முடிவில் பணம் எதிர்த்திசையில் ஓடுகிறது: பல தேசத்தார் எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுவருகிறார்கள். சங்கடமான விவரம் உதிர்ந்துகொண்டே வருவதும், மகிமை கூடிக்கொண்டே போவதும்தான் வாய்வழிக் கதையும் பக்திக் கதையும் எங்கும் வளரும் முறை. எந்தப் பதிப்பில் சங்கடம் மிச்சமிருக்கிறதோ அது மூலத்துக்கு நெருக்கமானது.

காலத்தைச் சுருக்குவது இன்னொரு அடையாளம். சனகெரிப் திரும்பினான், நினிவேயில் இருந்தான், தன் தேவனின் கோவிலில் பணிந்துகொண்டிருந்தபோது சொந்தக் குமாரர்கள் வெட்டிக் கொன்றார்கள், எசரத்தோன் பட்டத்துக்கு வந்தான் என்று பைபிள் ஒரே மூச்சில் முடிக்கிறது. கொலை நிஜம், மகன் கையால் செத்தான் என்று பாபிலோனிய நாளேடும் சொல்கிறது. ஆனால் அது கி.மு. 681. நடுவில் 20 வருடங்கள். அந்த 20 வருடங்களில் சனகெரிப் பல போர்கள் செய்தான், கி.மு. 689இல் பாபிலோனையே தரைமட்டமாக்கினான். ராஜா என்று சொல்லப்படும் திராக்காவும் கி.மு. 690இல்தான் எகிப்தின் அரியணை ஏறினான். 701இல் அவன் இளவரசன். பின்னாளில் அவனை ராஜாவாக மட்டுமே அறிந்த ஒருவர் எழுதியிருக்கிறார் என்பதற்கு இது அடையாளம். அதே எழுத்தாளருக்கு அசீரிய அதிகாரிகளின் பதவிப் பெயர்கள் சரியாகத் தெரிந்திருக்கின்றன, கொன்ற மகனின் பெயர்கூட ஏறக்குறையச் சரியாக வந்திருக்கிறது. நினைவு பிழைப்பது பெரும்பாலும் ஆட்களிலும் பெயர்களிலும் அல்ல. வரிசையிலும் காரணத்திலும் எண்ணிலும்தான்.

இந்த இடத்தில், 1,85,000 பேரைக் கொன்றது கொள்ளைநோய் என்ற புகழ்பெற்ற விளக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசப்பஸ் காலத்திலிருந்தே இது இருக்கிறது. கிரேக்கர் ஹெரோடோட்டஸ் எகிப்தில் கேட்ட கதையையும் துணைக்கு இழுப்பார்கள்: பெலூசியத்தில் சனகெரிப்பின் படை முகாமிட்டிருந்தபோது வயல் எலிகள் கூட்டமாக வந்து வில்நாண்களையும் அம்பறாத்தூணிகளையும் கடித்துக் குதறிவிட்டனவாம்; மறுநாள் படை சிதறி ஓடியதாம். எலி என்றால் பிளேக், ஆகவே இரண்டு கதையும் ஒரே நிகழ்ச்சி என்பது வாதம். எனக்கு இது துளியும் ஏற்புடையதாக இல்லை. ஹெரோடோட்டஸ் கதையில் எலி கடித்தது தோல்வாரை. நோயும் இல்லை, சாவும் நோயினால் இல்லை, இடம் எருசலேமும் இல்லை. அதைவிட அடிப்படையான தவறு, கதையிலிருந்து தூதனை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கிருமியை வைத்து, எண்ணையும் இரவையும் அப்படியே வைத்துக்கொள்வது. அற்புதத்தை அகற்றினால் மிச்சம் வரலாறு என்று நினைப்பது முறையாகாது. அந்த வசனம் எந்த அடுக்கில், எப்போது வந்தது என்று கேட்பதே முறை. செங்கடலுக்குப் புயல்காற்று, மன்னாவுக்குச் செடிப்பிசின் என்று தேடுகிறவர்களும் இதே வழியில்தான் போகிறார்கள். விசுவாசிக்கும் அது உதவாது, வரலாற்றாளனுக்கும் உதவாது.

அப்படியானால் எருசலேம் ஏன் பிழைத்தது? கப்பம் வந்தது, தாழ்நிலம் பறிக்கப்பட்டது, கலகக் கூட்டணி உடைந்தது. பாபிலோனில் மறுபடியும் தகராறு. அடுத்த ஆண்டே சனகெரிப்பின் படை அங்கே போயிற்று. எகிப்தியப் படையும் களத்துக்கு வந்திருந்தது. எல்தெக்கே அருகே அதைத் தோற்கடித்ததாகச் சனகெரிப்பே சொல்கிறான். ஒரு மலைநகரத்துக்காக இன்னொரு லாகீஸ் அளவு உழைப்பைச் செலவிட அவனுக்கு அவசியம் இல்லை என்பது என் முடிவு. எசேக்கியாவின் முன்னேற்பாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கீகோன் ஊற்றின் தண்ணீரை மதிலுக்குள் கொண்டுவர 533 மீட்டர் நீளத்துக்குப் பாறையைக் குடைந்த சுரங்கம் இன்றும் எருசலேமில் இருக்கிறது. தண்ணீரில் நடந்து போகலாம். இரண்டு பக்கமிருந்தும் வெட்டிவந்த ஆட்கள் ஒருவர் குரலை மற்றவர் கேட்டு, கோடரிக்கு எதிர்க்கோடரியாகச் சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டு 1880இல் அதன் சுவரில் கிடைத்தது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் எந்த ராஜாவின் பெயரும் இல்லை. எழுத்தின் வடிவமும், சுரங்கப் பூச்சில் இருந்த செடித்துணுக்குகளின் கார்பன் கணிப்பும், 2 இராஜாக்கள் 20:20உம் ஒன்றுசேர்வதால்தான் அதை எசேக்கியாவோடு இணைக்கிறோம்.

எல்லா இடத்திலும் இவ்வளவு சாட்சிகள் கிடைக்காது. எரிகோவில் மண் எதிர்ச்சாட்சி சொல்கிறது. 1930களில் ஜான் கார்ஸ்டாங் இடிந்த மதிலைக் கண்டு, யோசுவாவின் நாளில் விழுந்ததாகப் பைபிள் சொல்லும் மதில் இதுதான் என்றார். 1952 முதல் 1958 வரை அங்கே தோண்டிய கேத்லீன் கென்யன் அந்த மதில் பல நூற்றாண்டு மூத்தது என்றும், நகரம் கி.மு. 1550 வாக்கிலேயே அழிந்துவிட்டது என்றும், யோசுவாவுக்குக் குறிக்கப்படும் காலத்தில் விழுவதற்கு அங்கே மதிலே இல்லை என்றும் காட்டினார். தாவீதின் விஷயம் வேறு. அவன் இருந்தானா என்றே சந்தேகம் கிளம்பியிருந்த வேளையில், 1993இல் வட இஸ்ரேலின் தாண் மேட்டில் கிடைத்த கி.மு. 9ஆம் நூற்றாண்டு அராமியக் கல்வெட்டில் தாவீதின் வம்சம் குறிக்கப்பட்டிருந்தது. வம்சத்தைத் தொடங்கியவன் இருந்தான் என்பதற்கு அது போதும். கோலியாத்தை வீழ்த்தினான் என்பதற்குப் போதாது. ஏனென்றால் அந்தப் போரைப் பற்றிப் பைபிளே இரண்டு விதமாகப் பேசுகிறது. 2 சாமுவேல் 21:19இன் எபிரேய மூலத்தில் கோலியாத்தைக் கொன்றவன் பெத்லெகேம்காரன் எல்க்கானான். 1 நாளாகமம் 20:5 இதைச் சமாளிக்க, அவன் கொன்றது கோலியாத்தின் சகோதரனை என்கிறது. கோலியாத்தின் உயரமும் நம் கண்முன்னே வளர்கிறது. வழக்கமான எபிரேயப் பாடத்தில் ஆறு முழமும் ஒரு சாணும், அதாவது ஏறக்குறைய ஒன்பதே முக்கால் அடி. சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த பழைய சாமுவேல் சுருள் ஒன்றிலும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் நான்கு முழமும் ஒரு சாணும். ஆறே முக்கால் அடி. உயரமான மனிதன் ராட்சசனாகும் கட்டத்தை இந்தக் கையெழுத்துச் சுவடிகளில் காண்கிறோம்.

இவ்வளவும் சொன்னபின், எசேக்கியாவின் நகரத்தைக் கடவுள் காத்தாரா என்ற கேள்விக்கு வரலாற்று ஆய்வு பதில் தராது. தர முயலவும் கூடாது. தப்பியதற்காக நன்றி சொன்னவர்களின் நன்றி உண்மையானது. ஆனால் அந்த நன்றி பின்னாளில் கொள்கையாக இறுகியபோது என்ன ஆயிற்று என்பது வரலாற்றின் எல்லைக்குள் வருகிறது, எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம் அதைக் காட்டுகிறது.

கி.மு. 609 வாக்கில், யூதா ராஜா யோயாக்கீமின் ஆட்சித் தொடக்கத்தில், இந்த ஆலயமும் அழியும் என்று எரேமியா ஆலயப் பிராகாரத்திலேயே நின்று சொன்னார். கொல்ல வேண்டும் என்று கூட்டம் கூடியது. அப்போது மூப்பர்கள் சிலர் எழுந்து நூறு வருடத்துக்கு முந்தைய சம்பவத்தை நினைவூட்டினார்கள்: எசேக்கியா நாளில் மீகாவும் எருசலேம் மண்மேடாகும் என்று சொன்னாரே, ராஜா அவரைக் கொன்றானா? கர்த்தருக்குப் பயந்து கெஞ்சினான், கர்த்தர் அந்தத் தீங்கைச் செய்யாமல் விட்டார் (எரேமியா 26). கி.மு. 701 பற்றிய இன்னொரு நினைவு இது. இதில் ஏசாயா இல்லை, கடிதம் இல்லை, பாளயத்தில் பிணங்கள் இல்லை. மன்னன் பயந்தான், நகரம் தப்பியது, அவ்வளவுதான். அந்த எளிய நினைவு அன்று எரேமியாவின் உயிரைக் காப்பாற்ற உதவியது.

இருபது வருடம் கழித்து பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைச் சூழ்ந்தது. சிதேக்கியா ராஜா எரேமியாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டது: கர்த்தர் தம்முடைய எல்லா அற்புதங்களின்படியும் நமக்குச் செய்து, அவன் நம்மைவிட்டுப் போகும்படி செய்வாரோ? (21:2). எந்த அற்புதத்தை மனதில் வைத்துக் கேட்டான் என்று ஊகிப்பது கடினமில்லை. நடுவில் பார்வோனின் படை எகிப்திலிருந்து வருகிறது என்ற செய்தி கேட்டுக் கல்தேயர், அதாவது பாபிலோனியர், முற்றுகையை விட்டு விலகவும் செய்தார்கள் (37:5). திராக்காவின் செய்தி கேட்ட சனகெரிப்பின் கதை மறுபடி நடப்பதுபோலவே இருந்திருக்கும். நாம் 2 இராஜாக்களில் படிக்கும் முற்றுகைக் கதை இந்த வடிவத்தைப் பெற்றதே அந்த நாட்களில்தான், எரேமியாவுக்கு எதிராக நின்ற கட்சியின் கையில்தான் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எரேமியா மட்டும், கல்தேயர் திரும்பி வருவார்கள் என்றார். வந்தார்கள். மதில் உடைந்தது, ஆலயம் எரிந்தது, சிதேக்கியாவின் கண்களைப் பிடுங்கி விலங்கோடு பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள்.

2 இராஜாக்கள் புத்தகம் இந்த அழிவையும் சொல்லித்தான் முடிகிறது. ஆகவே அதைக் கடைசியாகத் தொகுத்தவர் எரிந்த ஆலயத்தை அறிந்தவர். அவர் எசேக்கியாவின் இரவை எடுத்துவிடவில்லை. அதற்கு முன்னால் இருந்த, பொன்தகடு கழற்றிய மூன்று வசனங்களையும் எடுத்துவிடவில்லை.